மழை பெய்தால் மட்டும் ஓடும் பெட்டி

1

ஜெர்மனிக்கு வந்து பதினொரு வருடம் முடிந்த அன்று காலையில் எனக்கு வந்த ஒரே செய்தி இதுதான்: “நாரணாபுரம்: தொடர்பு இல்லை.”

அனுப்பியது மனிதர் யாருமில்லை. எங்கள் வீட்டுச் சாமான் அறையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில் நான் உட்கார வைத்திருக்கும் சர்வர். ஜனவரி மாதக் கடைசியிலிருந்து ஏறக்குறைய தினமும் இதைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போனைப் பார்ப்பேன், பல்லைக் கடிப்பேன், என் மனைவி கீதா காப்பி ஆறுகிறது என்பாள். இப்படியே நான்கு மாதம் ஓடியிருந்தது.

சர்வர் என்றதும் ஏதோ பெரிய விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். நம் வீட்டுப் படங்கள், வீடியோக்கள், பாட்டு, சினிமா எல்லாவற்றையும் அதில் போட்டுவைத்தால் குடும்பத்தில் யாரும் எங்கிருந்தும் எடுத்துப் பார்க்கலாம். வெளிக் கம்பெனிக்காரன் நம் படத்தைச் சுமக்க வேண்டியதில்லை. என்னிடம் இரண்டு இருக்கின்றன. பெரியது இங்கே டோர்ட்முண்டில். டிபன் டப்பா அளவுக்கு ஒரு சின்னது, சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரத்தில், அம்மாவின் டிவிக்குக் கீழே. இங்கே நான் போடுவதை அது நகலெடுத்து வைத்துக்கொள்ளும். அம்மா ரிமோட்டை அழுத்தினால் பேத்தி சைக்கிள் ஓட்டுவது தெரியும்.

யாருக்காக இந்தக் கூத்து என்று சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மா மறுபடியும் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விடக் கூடாது. அதற்காகத்தான்.

2

அம்மா மாரியம்மாள் முப்பத்தொரு வருடம் பட்டாசு வேலை பார்த்தவள். குழாய் உருட்டி, திரி வைத்து, புஸ்வாணப் பூச்சட்டிக்கு வெடிமருந்து அடைத்து என்னை டிப்ளமோ படிக்க வைத்தாள். நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் சேர்ந்தேன். அங்கே ஓடிய பழைய ஜெர்மன் இயந்திரத்தைப் பழுது பார்க்கப் பழகி, அதே மாதிரி இயந்திரங்களைப் பழுது பார்க்கவே ஜெர்மனிக்கு வந்தேன். அப்பா நான் எட்டாவது படிக்கும்போதே தவறிவிட்டார். ஊரில் அம்மா மட்டும்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவள் வேலை பார்த்த அறை வெடித்தது. தண்ணீர் குடிக்க வெளியே வந்ததால் பிழைத்தாள். இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது. கூடவே இருந்த சண்முகத்தாய் அத்தை வெளியே வரவில்லை. நான் அடித்துப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறிப் போனபோது அம்மா விருதுநகர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, “சாப்பிட்டியாலே?” என்று கேட்டாள். இனிமேல் கம்பெனிப் பக்கம் போக மாட்டேன் என்று அங்கேதான் வாக்குக் கொடுத்தாள். கொடுத்தாள் என்பதைவிட நான் வாங்கினேன் என்பதுதான் சரி.

வீட்டில் உட்கார்ந்தவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொரு போனிலும் அதே புலம்பல்.

“வீட்டுக்குள்ள இருந்து என்னத்தலே செய்ய? ஒருத்திக்குச் சோறு பொங்க எம்புட்டு நேரம் ஆகும்? பெறகு சுவத்தையா பாக்க?”

சரி, சுவரில் ஏதாவது தெரியும்படி செய்துவிடுவோம் என்று நினைத்தேன். யூடியூப் பார்த்துப் பார்த்து மூன்று மாதம் சர்வர் கற்றுக்கொண்டேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சின்னப் பெட்டியை இரண்டு வேட்டிக்கு நடுவில் சுருட்டிக் கொண்டுபோனேன். கேபிள் டிவியும் இணையமும் நடத்தும் செல்வம் அண்ணாச்சி வந்து லைன் இழுத்துக் கொடுத்தார். டிவியில் மதியின் முகம் தெரிந்தபோது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மதி என் மகள், பதின்மூன்று வயது.

சிரித்து முடித்துவிட்டு அம்மா பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

“சுடுதே?”

“அப்படித்தாம்மா இருக்கும். ஒண்ணும் ஆகாது.”

“ராத்திரியும் ஓடுமா?”

“ராத்திரி பகல் எப்பவும் ஓடும்.”

“அதெல்லாம் நடக்காது. சூடான சாமான ஓடவிட்டுட்டு நான் எப்படிலே தூங்குவேன்? ஆளு முழிச்சிருக்கிற நேரத்துல ஓடட்டும். படுக்கப் போறப்ப அமத்திருவேன்.”

வாதாடிப் பார்த்தேன். பட்டாசில் முப்பத்தொரு வருடம் இருந்தவளிடம் நெருப்பைப் பற்றி வாதாடி யாரும் ஜெயித்ததில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் பெட்டிக்குக் கீழே விரித்திருந்த துணியை எடுத்துவிட்டுக் கடப்பாக்கல் பலகை ஒன்றை வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு வாளி நிறைய மணல். செல்வம் அண்ணாச்சிக்கு அதில் ஆச்சரியமில்லை, அவர் வீட்டிலும் மீட்டருக்குக் கீழே ஒரு மணல் வாளி இருக்கிறது.

ஆகவே ஒப்பந்தம் இதுதான். இரவில் பெட்டி கிடையாது. அம்மா வீட்டில் இருக்கும் பகல் நேரத்தில் ஓடும். நகலெடுக்கும் வேலை முழுவதையும் இந்தியப் பகலுக்கு மாற்றி அமைத்துவிட்டு விமானம் ஏறினேன். நான் இங்கே வந்து சேர்ந்த மறுவாரத்திலிருந்து, சரியாக அந்தப் பகலில்தான் பெட்டி செத்துப்போக ஆரம்பித்தது. ஊர் நேரம் காலை ஏழு நாற்பதுக்குப் போகும். மாலை ஐந்து ஐம்பதுக்கு வரும்.

3

இந்தப் பக்கத்துக் கதையையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் எல்லாம் கடிகாரம் மாதிரி நடக்கும் என்று ஊரில் யாராவது சொன்னால் அவர்களை என்னிடம் அனுப்புங்கள்.

வெளியிலிருந்து என் பெட்டியைத் தொட, இணையக் கம்பெனி ஒரு தனி முகவரி தர வேண்டும். கேட்டேன். போனில் கேட்டால் கடிதத்தில் கேளுங்கள் என்றார்கள். கடிதம் போட்டால், உங்கள் கடிதம் கிடைத்தது என்று ஒரு கடிதம் வந்தது. பிறகு, அதைக் கவனித்துவருகிறோம் என்று ஒன்று. ஐந்து வாரம் கழித்து, இந்தச் சேவையை இணையத்திலேயே இரண்டு நிமிடத்தில் பெறலாம், அதற்கு வேண்டிய ரகசிய எண் தனிக் கடிதத்தில் வரும் என்று நான்காவது. அந்தத் தனிக் கடிதம் பழைய முகவரிக்குப் போய்விட்டது. நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்து ஆறு வருடமாகிறது.

அடுத்தது எதிர்வீட்டு அம்மையார். எங்கள் கதவுக்கும் அவர் கதவுக்கும் நான்கு அடி தூரம். தட்டிச் சொல்லியிருக்கலாம். மாட்டார். வீட்டு நிர்வாகத்துக்கு எழுதினார், நிர்வாகம் எனக்கு எழுதியது. மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை அமைதி நேரம் என்றும், அந்த நேரத்தில் என் சாமான் அறையிலிருந்து ‘தொடர்ச்சியான முனகல்’ கேட்பதாகவும், இது வீட்டு விதிகளில் இன்ன பிரிவுக்கு மாறானது என்றும் இரண்டு பக்கம். வேலை செய்யும் இடத்திலிருந்து அச்சு இயந்திரத்துக்குப் போடும் பழைய ரப்பர் விரிப்பை எடுத்துவந்து பெட்டிக்குக் கீழே நான்காக மடித்து வைத்தேன். முனகல் நின்றது. எங்கள் வீட்டில் என் முனகல் மட்டும் நிற்கவில்லை.

பதினொரு வருடமாகியும் இந்த மொழி அவசரத்தில் என் காலை வாருகிறது. ஏப்ரலில் இணையக் கம்பெனியின் உதவி மையத்துக்குப் போன் செய்து நிலைமையை விளக்கினேன். அம்மா வீட்டுப் பெட்டி என்று சொல்ல வேண்டிய இடத்தில் பெட்டியை விழுங்கிவிட்டேன். “என் அம்மா தினமும் காலையில் அணைந்துபோகிறார், மாலையில்தான் திரும்ப எரிகிறார்” என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண் மிகவும் கனிவாக, “அவரை மருத்துவரிடம் காட்டினீர்களா?” என்று கேட்டாள். மதி சோபாவில் விழுந்து புரண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரில் இப்படிப்பட்ட வார்த்தையை விளையாட்டுக்குக்கூடச் சொல்ல மாட்டோம்.

மதியைப் பற்றியும் சொல்கிறேன். வாரத்துக்கு ஒரு நிமிடம் ஆச்சிக்குத் தமிழில் பேசி அனுப்ப வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். பிப்ரவரியில் ஒரு நிமிடம் பேசினாள். மார்ச்சில் இருபது நொடி. ஏப்ரலில் “ஆச்சி, நல்லா இருக்கீங்களா, நான் நல்லா இருக்கேன், பை”, அதுவும் ஒரு கண் வேறு திரையில். ஏன் இப்படி என்று கத்தினேன்.

“ஆச்சி பதிலே போடுறதில்லையே அப்பா,” என்றாள். “நான் யார்கிட்டப் பேசுறேன்?”

பதில் போடுவதற்கும் வழி வைத்திருந்தேன். அம்மா போனில் எடுக்கும் வீடியோ தானாக இங்கே வந்து சேர ‘அம்மா’ என்று ஒரு தனி இடமே ஒதுக்கியிருந்தேன். நான்கு மாதத்தில் அதில் வந்து சேர்ந்தது ஒன்றே ஒன்று. பதினான்கு நிமிடம் மின்விசிறி சுற்றுகிறது.

4

பழுதைத் தேடினேன். என் தொழிலே அது. இயந்திரம் நின்றால் மின்சாரத்தில் தொடங்கி வரிசையாகப் பார்க்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நானே பாடம் எடுப்பேன்.

முதலில் மின்வாரியத்தைத் திட்டினேன். பக்கத்துத் தெருவில் கரெண்ட் போவதேயில்லை என்று தெரிந்தது. பிறகு பெட்டியைத் திட்டினேன், உள்ளே இருந்த மென்பொருளை மூன்று முறை மாற்றினேன். மார்ச் கடைசியில் இங்கே கோடைகாலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தபோது செய்தியும் ஒரு மணி நேரம் தள்ளி வந்தது. ஆக, பழுது இங்கே இல்லை, ஊரில்தான் என்று அன்றைக்குப் பெரிய துப்பு கிடைத்த மாதிரி கீதாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, “அத்தைகிட்டயே கேட்டா என்ன?” என்றாள்.

கேட்காமலா இருந்தேன்? அம்மா தினமும் ஊர் நேரம் மாலை ஆறரைக்குத்தான் கூப்பிடுவாள்.

“பகல்ல பெட்டி நின்னுருதும்மா. நீ பாத்தியா?”

“நானா? நான் என்னத்தக் கண்டேன். பச்ச லைட்டு எரிஞ்சுக்கிட்டுத்தான் கெடக்கு.”

“பகல்ல போன் போட்டா எடுக்க மாட்டேங்கறயே?”

“சார்ஜுல கெடந்திருக்கும்.”

அடுத்த நாள் மாவாட்டிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த நாள் கோயிலுக்குப் போயிருந்தாள். வீடியோவில் கூப்பிட்டால் அவள் நெற்றியும் அதற்கு மேலே விசிறியும் தெரியும். கையைக் காட்டும்மா, தழும்பு எப்படி இருக்கிறது பார்க்கிறேன் என்றால், அதெல்லாம் ஆறிப்போச்சு என்பாள். கை வராது.

மின்சாரம் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கட்டும் என்று ஒரு யூபிஎஸ் வாங்கி வைக்கச் சொன்னேன். செல்வம் அண்ணாச்சி வைத்தார். இரண்டே நாளில் அம்மா அதைக் கழற்றி அலமாரியில் பூட்டிவிட்டாள். “கரெண்ட அமத்துனா அது கத்துதுலே. பக்கத்து வீட்டுல என்னமோ ஏதோன்னு ஓடி வாராக.” கரெண்டை ஏன் அமர்த்த வேண்டும் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் யூபிஎஸ்ஸுக்காகக் கத்திக்கொண்டிருந்தேன்.

கடைசியாக அண்ணாச்சியையே பிடித்து உலுக்கினேன்.

“லைன் பக்காவா இருக்கு தம்பி. நான் ஏழு தடவை போயிப் பாத்துட்டேன்.”

“பிறகு எப்படி அண்ணாச்சி நிக்கும்?”

“உங்க வீட்டுல கரெண்டு இல்லேன்னா என் லைன் என்ன செய்யும்?”

“கரெண்ட் ஏன் இல்லை?”

அவர் தொண்டையைச் செருமினார். “நீங்க படிச்சவுக. அங்கன உக்காந்து இம்புட்டும் கண்டுபிடிக்கீக. இதையும் நீங்களே கண்டுபிடிங்க. என்ன இழுக்காதீக தம்பி.”

மரியாதை தெரியாத மனுஷன் என்று அன்றைக்கு அவரையும் ஒரு பாட்டம் திட்டினேன்.

5

அந்தப் பதினோராவது வருட நாள் ஒரு சனிக்கிழமை. வழக்கமான செய்தி வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. நான்கு மாதப் பதிவையும் எடுத்து, நாள்வாரியாகத் தாளில் அச்சடித்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். பெட்டி ஓடிய நாளுக்குப் பச்சை, நின்ற நாளுக்குச் சிவப்பு. மதி தற்செயலாக எட்டிப் பார்த்தாள். பள்ளியில் அப்போதுதான் இப்படித் தாளை வைத்துக்கொண்டு காரணம் தேடும் பாடம் நடந்துகொண்டிருந்தது.

“ஞாயிற்றுக்கிழமை எல்லாம் ஓடியிருக்கே,” என்றாள்.

“அன்னிக்குக் கரெண்ட் நல்லா வரும்போல.”

அவள் போனை எடுத்து எதையோ தேடினாள். தாளையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு பென்சிலால் சில தேதிகளை வட்டமிட்டாள். ஏப்ரலில் நான்கு, மே மாதத்தில் ஐந்து.

“அப்பா, இது கிறுக்குப் பெட்டி. ஞாயிறைத் தவிர அது ஓடின நாள் எல்லாம் சிவகாசியில மழை. மழை பெய்தா மட்டும் ஓடுது.”

அவள் சிரித்தாள். உலகத்தில் எந்த மெஷினும் மழையில் கெடும், ஆச்சி வீட்டு மெஷின் மழையில் வேலை செய்கிறது என்று ஜெர்மனில் கீதாவிடம் கத்திச் சொன்னாள். அவளுக்கு அது வேடிக்கை. நான் தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமையும் மழை நாளும் எங்கள் ஊரில் எதற்கு லீவு என்று நாரணாபுரத்தில் பிறந்த எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். மழை பெய்தால் மருந்து காயாது. இடி இடித்தால் போர்மேன் எல்லாரையும் வெளியே வரச் சொல்லிவிடுவார். கம்பெனி வேன் வராது.

காலை ஏழு நாற்பதுக்கு வேன் வரும். அம்மா வாசல் பூட்டும் முன்னால் மெயின் சுவிட்சை அமர்த்துவாள். ஆள் இல்லாத வீட்டில் கரெண்ட் ஓடக் கூடாது என்பது எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் சட்டம். நான் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் சாவியை எடுத்தாயா என்று கேட்க மாட்டாள், மெயினை அமத்தினாயா என்றுதான் கேட்பாள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், அம்மா வீட்டில்தான் இருக்கிறாள் என்று நான் முடிவு கட்டிவிட்டதால் தோன்றவேயில்லை. போனில் கை தெரியாததன் காரணமும் புரிந்தது. பட்டாசு மருந்தில் கலக்கும் வெள்ளிப் பவுடர் நகக்கண்ணிலிருந்து எந்தச் சோப்புக்கும் போகாது.

கீதாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல், “எனக்கு மார்ச்சிலேயே சந்தேகம்தான்,” என்றாள்.

மாலை ஆறரைக்குக் காத்திருக்கவில்லை. ஐந்து ஐம்பதுக்குப் பெட்டி உயிர் பெற்றதும் கூப்பிட்டேன்.

“எங்கம்மா போயிட்டு வர்ற?”

“எங்க போக? இங்கனதான் இருக்கேன்.”

“பொய் சொல்லாதம்மா. நீ மெயினை அமத்துறதும் போடுறதும் இங்க எனக்கு நிமிஷக் கணக்கா தெரியுது. ஜனவரியிலேர்ந்து தினமும் கம்பெனிக்குப் போற.”

அந்த இடத்தில் வாயைக் கட்டியிருக்க வேண்டும். எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைப் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

அம்மாவின் குரல் உயர்ந்தது.

“ஆமாலே, போனேன். பேக்கிங் வேலைதான். மருந்தத் தொடல.”

“சண்முகத்தாய் அத்தையும் மருந்தைத் தொடல, திரிதான் வச்சிக்கிட்டிருந்தாக.”

“அவளப் பத்திப் பேசாத.”

“பெட்டி வாங்கி வச்சேனே, படம் பாக்கலாம்ல? மதியப் பாக்கலாம்ல?”

“பாக்கேன். நீங்க மூணு பேரும் சிரிக்கீக, சாப்புடுதீக, பனியில வெளாடுதீக. நான் இங்கன தனியா உக்காந்து டிவியப் பாத்துச் சிரிக்கணும். எம்புட்டு நேரம்லே சிரிப்பேன்? நான் சிரிச்சா உங்களுக்குக் கேக்குமா? அங்கன போனா நாலு பேரு இருக்காக. என்னக்கா ஒரு மாதிரி இருக்கன்னு கேக்காக.”

இன்னும் சத்தமாகக் கத்தினேன். போர்மேனுக்குப் போன் செய்து உன்னை நிறுத்தச் சொல்வேன் என்றேன். மதி தலையில் அடித்துச் சத்தியம் செய் என்றேன். பெற்ற தாயிடம் ஒரு மகன் இப்படியெல்லாம் பேசலாமா என்று இப்போது எழுதும்போது கூசுகிறது.

“சின்னப் பிள்ளை தலைய எதுக்கு இழுக்க? போகல. இனிமே போகல. போதுமாலே?”

போதும் என்று போனை வைத்தேன்.

6

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து பெட்டி ஓடியது. ஜூன் முழுக்க ஓடியது. காலையில் அம்மா எழுந்ததும் வரும், இரவு படுக்கப் போகும்போது போகும், நடுவில் ஒரு நொடி நிற்கவில்லை. இணையக் கம்பெனிக்காரன், எதிர்வீட்டு அம்மையார், அந்த நான்கு கடிதம் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன். மதி பிறந்ததிலிருந்து எடுத்த அத்தனை படமும் ஜூலை முதல் வாரத்தில் நாரணாபுரம் போய்ச் சேர்ந்துவிட்டது. வேலை செய்யும் இடத்தில் ஓர் இரானியத் தோழருக்கு இதே மாதிரி சர்வர் வைத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கும் அளவுக்குத் தலைக்கனம் ஏறியது. கீதா மட்டும் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவள் விருதுநகர் வத்தல் மண்டித் தெருவில் வியாபாரிகள் நடுவில் வளர்ந்தவள், சீக்கிரத்தில் எதையும் நம்ப மாட்டாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் அம்மாவுக்கு எந்த வீடியோ அதிகம் பிடித்திருக்கிறது என்று பார்க்க நினைத்தேன். அதே மாதிரி இன்னும் எடுத்து அனுப்பலாம் என்றுதான். எதை எப்போது பார்த்தார்கள் என்று பெட்டி தனியாகக் குறித்து வைக்கும். திறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதி சைக்கிள் ஓட்டும் வீடியோவை ஒரே நாளில் ஒன்பது முறை பார்த்திருக்கிறாள். தினமும் மாலை ஆறு மணிக்கு மேல் ஏதாவது ஒன்று ஓடியிருக்கிறது. திங்கள் முதல் சனி வரை காலை ஏழரையிலிருந்து மாலை ஆறு வரை எதுவுமில்லை. ஒரு பாட்டுக்கூட இல்லை. இரண்டு மாதத்தில் இரண்டே இரண்டு நாள் மட்டும் காலை பத்து மணியிலிருந்து மதியம் வரை தொடர்ந்து பார்த்திருக்கிறாள். மதியிடம் கேட்காமல் நானே தேடினேன். இரண்டு நாளும் சிவகாசியில் மழை.

மெயினை அமர்த்தினால்தான் மகனுக்குத் தெரிகிறது. சரி, அமர்த்தாமல் போவோம். அம்மா இவ்வளவுதான் நினைத்திருக்கிறாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்று மாலை அவள் கூப்பிடும்வரை அறைக்குள் நடந்துகொண்டேயிருந்தேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். போன் வந்தது. நெற்றியும் விசிறியும்.

“மதி பள்ளிக்கூடம் விட்டு வந்துட்டாளா?”

“அம்மா, நீ இன்னும் கம்பெனிக்குப் போறயா?”

நெற்றி திரையை விட்டு விலகியது.

“மெயினைப் போட்டுட்டுப் போறியாம்மா?”

“ஆமாலே.”

அந்த ‘ஆமாலே’யில் சண்டைக்கு வருகிற தொனி கொஞ்சமும் இல்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். எனக்கு அடுக்கி வைத்ததெல்லாம் மறந்துவிட்டது.

“ரெண்டு மாசமா ஒரு நாளும் வேல ஓடல எனக்கு,” என்றாள். “ஆளில்லாத வீட்டுல உம் பெட்டி சுட்டுக்கிட்டுக் கெடக்குமே, வீடு பத்திக்கிட்டா பக்கத்துல சின்னப் பிள்ளைக இருக்கேன்னு அதே நெனப்பு. கை திரியில இருக்கு, நெனப்பு மெயின்ல இருக்கு. போன வாரம் போர்மேன் ரெண்டு தடவை சத்தம் போட்டாக, மாரி, எங்க பாத்துக்கிட்டிருக்கன்னு. அந்த ரூம்ல நெனப்பு வெலகக் கூடாதுலே. தெரிஞ்சும் வெலகுது.”

பேக்கிங் என்று சொன்னவள் திரி என்று சொல்லிவிட்டதை அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். முப்பத்தொரு வருடம் அந்த அறைகளுக்குள் அவளைக் காப்பாற்றியது அவளுடைய கவனம் ஒன்றுதான். அதையும் நான் டிவிக்குக் கீழே கொண்டுவந்து கட்டிப்போட்டு வைத்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

வேலையை விடும்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால் விட்டேன் என்பாள். நாளைக்கு வேறு எதையாவது மறைத்துக்கொண்டு, இன்னும் அதிக நினைப்போடு வேனில் ஏறுவாள்.

“நாளையிலேர்ந்து மெயினை அமத்திட்டுப் போம்மா,” என்றேன்.

“அப்ப உம் படமெல்லாம் வராதே?”

“ஞாயித்துக்கிழமை வரட்டும். நீ அமத்திட்டுப் போ.”

“நெசமாத்தான் சொல்லுதியாலே?”

“நெசமாத்தாம்மா.”

“சரி ராசா,” என்றாள். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை என்னால் தாங்க முடியவில்லை.